உறுதி வேறு, ஆயுள் வேறு



கடலூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். எரிமலை, காற்றாலை, சொட்டுநீர்ப் பாசனம் என்று வழக்கமான மாதிரிகளுக்கு நடுவே ஒரு மேசை என்னை நிறுத்தியது. 'பல்லை அடைக்கச் சிறந்த பொருள் எது?' என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாரிஸ் சாந்தினால் செய்த கடைவாய்ப்பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அட்டையில் மூன்று பொருள்களும் அவற்றின் அமுக்க வலிமையும் இருந்தன. வெள்ளி நிறத்தில் வைப்பார்களே, அந்த இரசக்கலவைக்கு 400 மெகாபாஸ்கலுக்கு மேல். பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டுக்கு 300 அளவில். கண்ணாடி அயனோமர் என்னும் சிமெண்டுக்கு 150 அளவில். ஓட்டப்பந்தயம் போல் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தாள்.

"கண்ணாடி அயனோமர் ரொம்ப வீக் சார். அதை வைக்கவே கூடாது" என்றாள்.

எண்கள் சரியானவை. அவற்றைத் தேடி எடுத்ததற்கே அவளைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவள் அடைந்த முடிவு தவறு என்பது என் கருத்து. பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்ததால் அங்கே அதைச் சொல்ல முடியவில்லை. உங்கள் எல்லோரிடமும் இங்கே சொல்கிறேன். ஏனென்றால் இது கண்காட்சியோடு முடிகிற பிரச்சினை அல்ல. அவள் முதலிடம் கொடுத்த பொருள் உலகத்தில் இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் புழக்கத்தில் இருக்கப்போகிறது. அதற்குப் பிறகு உங்கள் பல்லில் எதை வைப்பார்கள், உங்கள் ஊர்த் தம்பி தங்கைகளின் பல்லில் எதை வைப்பார்கள் என்பது இப்போதே பேசவேண்டிய விஷயம்.

முதலில் அந்த எண்களை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். அடைக்கும் பொருளைப் பென்சில் துண்டு போன்ற குட்டி உருளையாக வார்க்கிறார்கள். உடல் வெப்பமான 37 டிகிரியில் ஒரு நாள் தண்ணீரில் வைக்கிறார்கள். பிறகு ஓர் இயந்திரத்தின் இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி, நொறுங்கும் வரை அழுத்துகிறார்கள். கட்டடப் பொறியாளர்கள் கான்கிரீட்டைச் சோதிக்கிறார்களே, அதே முறைதான். அளவு மட்டும் சிறியது. ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டர்மேல் ஏறத்தாழ 100 கிராம் எடை. ஆகவே 400 மெகாபாஸ்கல் என்றால் கடுகு அளவுள்ள ஒரு சதுர மில்லிமீட்டரின்மேல் 40 கிலோ! நம் பல்லின் மேற்பூச்சான எனாமலின் வலிமையே 380 அளவுதான். அதனடியிலுள்ள டென்டீனுக்கு 300 அளவு. இயற்கை செய்த பொருளை மனிதன் செய்த கலவை விஞ்சிவிட்டது என்று மகிழத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடைவாய்ப்பற்கள் எவ்வளவு அழுத்தத்தைத் தரக்கூடும்? பல்லை இறுக்கிக் கடித்தால் 500 முதல் 700 நியூட்டன் வரை, அதாவது 50 முதல் 70 கிலோ வரை வரும். அந்த விசை பத்துச் சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழுவதாக வைத்துக்கொண்டால் அழுத்தம் 70 மெகாபாஸ்கல். கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட கண்ணாடி அயனோமர்கூட இதைப்போல் இருமடங்கு தாங்கும். அப்படியானால் அடைத்த பல் ஏன் கெடுகிறது?

ஒரு காரணம் உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. அழுத்துவது வேறு, இழுப்பது வேறு. சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தவர்கள் தூண்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று வியந்திருப்பீர்கள். கருங்கல் தூணாக நின்றால் எத்தனை பாரமும் சுமக்கும். அதே கல்லைக் கிடைமட்டமாக உத்தரமாக வைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுவையைக் கல்லால் தாங்க முடியாது. தூண்களை விலக்கி வைத்தால் உத்தரம் விரிசல் காணும். பல் அடைக்கும் பொருள்களும் இப்படித்தான். அமுக்கத்தில் 400-ஐத் தாண்டும் இரசக்கலவை, இழுவையில் 50 மெகாபாஸ்கல் அளவிலேயே முறிந்துவிடும். காம்போசிட்டும் ஏறக்குறைய அதே அளவுதான். கண்ணாடி அயனோமருக்கோ பத்தைத் தொடுவதே கடினம். மெல்லிய விளிம்பாகவோ, ஒரு பக்கம் சுவரில்லாத குழியிலோ அதை வைத்தால் உடையத்தான் செய்யும். அந்த மாணவியின் எச்சரிக்கையில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

இன்னொன்று, இயந்திரம் ஒரே ஒருமுறைதான் அழுத்துகிறது. வாய் அப்படி விடுவதில்லை. செயற்கை முறையில் மெல்லும் இயந்திரங்களை வைத்துச் சோதிப்பவர்கள், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் முறை மெல்வதை ஓராண்டு உபயோகத்துக்குச் சமமாகக் கணக்கிடுகிறார்கள். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதல்லவா? அந்தக் களைப்பு பல்லில் வைத்த பொருளுக்கும் உண்டு.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் வேறு. அதைச் சொல்ல, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு நாளுக்குப் போக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் ஆயிரமாயிரமாய்ச் சாய்ந்தன. பலாமரம் உறுதியில் குறைந்ததா? அதில் கதவும் உத்தரமும் செய்கிறோம். நடுமரம் முறியாமல், மண்ணைவிட்டு வேரோடு பெயர்ந்து விழுந்த மரங்கள் எத்தனையோ! மரத்தின் உறுதியை அளந்து வைத்திருந்தால் அந்தப் புயலில் அது எதற்கும் உதவியிராது. வேரும் மண்ணும் சேருமிடத்தை அல்லவா அளந்திருக்க வேண்டும்?

பல்லிலும் அந்த இடம்தான் முக்கியம். அடைத்த பொருளும் பல்லும் சந்திக்கும் விளிம்பு.

கையில் பேனா இருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். பல்லின் வெப்ப விரிவு எண் ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 11.4 பங்கு. இரசக்கலவைக்கு 25. காம்போசிட்டுக்கு, வகையைப் பொறுத்து 20-க்கும் 60-க்கும் இடையே. நாம் 35 என்று கொள்வோம். கண்ணாடி அயனோமருக்கு ஏறத்தாழ 11. குழியின் அகலம் 5 மில்லிமீட்டர். நீங்கள் ஐஸ் வைத்த நன்னாரி சர்பத் குடிக்கிறீர்கள். பல்லின் வெப்பம் 30 டிகிரி இறங்குகிறது. பல் 1.7 மைக்ரான் சுருங்கும். இரசக்கலவை 3.75 மைக்ரான் சுருங்கும். வித்தியாசம் 2 மைக்ரான். பக்கத்துக்கு ஒரு மைக்ரான் இடைவெளி. காம்போசிட்டுக்கு வித்தியாசம் மூன்றரை மைக்ரான். கண்ணாடி அயனோமருக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

ஒரு மைக்ரான் என்ன பெரிய இடைவெளி என்று கேட்பீர்கள். சொத்தையை உண்டாக்குவதில் முக்கியப் பங்குள்ள ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்கு இது திறந்த கதவு. (சர்பத் வாயில் சில விநாடிகளே இருப்பதால் பல் முழுவதும் 30 டிகிரி குளிர்வதில்லை, நம் கணக்கு சற்று மிகைதான். ஆனாலும் நாள்தோறும் சூடும் குளிருமாக எத்தனை முறை!) உள்ளே போன பாக்டீரியா, நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்கும். வாயின் அமிலநிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கடலூருக்குப் பக்கத்தில், நெல்லிக்குப்பத்தில், 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை உண்டு. நம் மாவட்டத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள சொந்தம் பழையது! மேலே அடைப்பு கல்லைப்போல் இருக்கும். ஓரத்தில், அதன் அடியில், புதுச் சொத்தை வளரும். அடைத்த பல் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி அந்த மூன்று பொருள்களையும் மறுபடி பார்ப்போம்.

இரசக்கலவை பாதிக்குப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. 1826-இல் பாரிஸில் டவோ என்பவர் வெள்ளியையும் பாதரசத்தையும் சேர்த்துப் பசையாக்கிப் பல்லில் வைத்தார். 1895-இல் அமெரிக்காவின் ஜி. வி. பிளாக் கலவையின் விகிதத்தை ஒழுங்குபடுத்தினார். 1963-இல் கனடாவின் இன்னஸ், யூடெலிஸ் இருவரும் செம்பை அதிகமாக்கி, கலவைக்குள் எளிதில் அரிக்கும் பலவீனமான பகுதி உண்டாகாமல் செய்தார்கள். இது பல்லோடு ஒட்டாது. ஆகையால் குழியை வாய் குறுகி அடி அகன்ற குடம்போல் குடைய வேண்டும்; நல்ல பல்லையும் கொஞ்சம் பலி கொடுக்க வேண்டும். வெப்பத்தில் ஓரம் விலகும் என்பதையும் இப்போதுதான் கணக்கிட்டோம். பிறகு எப்படி இது முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கிறது?

பதில் வேடிக்கையானது. அது அரிபடுவதால் நிற்கிறது! ஓரத்து இடைவெளியில் உமிழ்நீர் புகுந்ததும் உலோகம் சிறிது சிறிதாக அரிக்கிறது. அப்படி உண்டாகும் உப்புகளும் ஆக்சைடுகளும் அந்த இடைவெளியிலேயே படிந்து, சில மாதங்களில் அதை அடைத்துவிடுகின்றன. வைத்தவுடன் கசியும் அடைப்பு, நாளாக ஆகக் கசிவதை நிறுத்துகிறது. துருப்பிடிப்பது கேடு என்றே நாம் படித்திருக்கிறோம். இங்கே அதுவே காவல். பழைய வெள்ளி அடைப்பைச் சுற்றிப் பல் கருத்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அந்தக் கருமையில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. எந்த வலிமை அட்டவணையிலும் இந்தக் குணத்துக்கு எண் கிடையாது.

காம்போசிட்டின் கதை நேர்மாறானது. 1955-இல் மைக்கேல் பூனகோர் எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் அதில் பிசின் இறுகப் பற்றும் என்று காட்டினார். 1962-இல் ரஃபேல் போவன் அதற்கேற்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். பிசினோடு கண்ணாடி, குவார்ட்ஸ் போன்றவற்றின் நுண்துகள்களைக் கலந்தது இது. நீல ஒளியைக் காட்டினால் அரை நிமிடத்துக்குள் இறுகிவிடும். பல்லோடு ஒட்டும், பல்லின் நிறத்திலேயே இருக்கும், நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை. ஆனால் இறுகும்போது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சுருங்குகிறது. ஆகையால் இரண்டு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டராக, அடுக்கடுக்காக வைத்து இறுக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் ஒரு சொட்டு எச்சில் படக்கூடாது. பட்டால் ஒட்டாது. பன்னிரண்டு வயதுப் பையனின் கடைவாய்ப்பல்லை இருபது, முப்பது நிமிடம் உலர்வாக வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று எந்தப் பல் மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் வேண்டும், விளக்கு வேண்டும், உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், பொறுமையுள்ள கை வேண்டும்.

இந்தக் கையின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் காசா பியா பள்ளிகளில் படித்த, 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். யாருக்கு இரசக்கலவை, யாருக்குக் காம்போசிட் என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். 472 பிள்ளைகள், 1,748 அடைப்புகள். ஏழு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: இரசக்கலவை அடைப்புகளில் நூற்றுக்கு 94.4 நிலைத்தன; காம்போசிட்டில் 85.5. காம்போசிட் உடைந்து விழுந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. ஓரத்தில் மறுபடி சொத்தை வந்ததுதான் காரணம். அந்த அபாயம் காம்போசிட்டில் மூன்றரை மடங்கு. வேர் பெயர்ந்த பலாமரம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். காம்போசிட் அன்றைக்கு இருந்ததைவிட இன்று மேம்பட்டிருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். எச்சிலும் அவசரமும் மட்டும் மேம்படவில்லை.

கடைசி இடக்காரருக்கு வருவோம். கண்ணாடி அயனோமரை இலண்டனில் அரசாங்க வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வில்சன், கென்ட் என்னும் இருவர் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். புளூரைடு கலந்த ஒருவகைக் கண்ணாடியின் தூள். அதைப் பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசலில் குழைக்கிறார்கள். அமிலம் பல்லிலுள்ள கால்சியத்தோடு நேராகவே பிணைந்துகொள்கிறது; தனியாகப் பசை வேண்டாம். ஓரளவு ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். வெப்பத்தில் பல்லோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். உள்ளிருக்கும் புளூரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, ஓரத்து எனாமலுக்கு உதவி செய்யும். தேயும் என்பது உண்மை. பெரிய குழியில், இரண்டு பற்களுக்கு இடையே பரவிய சொத்தையில், சீக்கிரம் உடையும் என்பதும் உண்மை. ஆனால் கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் உள்ள சிறு குழியில், நான்கு புறமும் சுவர் இருக்கும் இடத்தில், அது நன்றாகவே நிற்கிறது.

1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் பல் மருத்துவ நாற்காலியும் இல்லாத கிராமங்களில், ஜோ ஃப்ரென்கன் என்ற மருத்துவர் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். கைக்கருவியால் மெத்தென்ற சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தச் சிமெண்டை விரலால் அழுத்தி அடைப்பது. துளையிடும் இயந்திரம் இல்லை. பெரும்பாலும் மரத்துப்போக ஊசியும் இல்லை. மேசையில் படுக்கவைத்தே செய்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண்ணாடி அயனோமரையும் சேர்த்தது. 'வைக்கவே கூடாத' பொருள் அங்கே இடம்பெற்றிருக்குமா?

2034-க்குப் பிறகு

பாதரசம் பொல்லாதது. 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நோயை நீங்கள் படித்திருப்பீர்கள்; ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்புகளைச் சிதைத்தது. நம் கொடைக்கானலில், 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு பற்றிய வழக்கும் துப்புரவும் பல ஆண்டுகள் நடந்தன. மினமாட்டாவின் பெயரிலேயே 2013-இல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி இரசக்கலவை வைக்கலாகாது என்று 2022-இல் அதில் திருத்தம் செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், 2034-க்குள் உலகெங்கும் இரசக்கலவை அடைப்பைக் கைவிடுவது என்று முடிவு செய்தன.

இதைப் படித்துவிட்டு, வாயிலிருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பெயர்த்தெடுக்க ஓடாதீர்கள். நன்றாக இருக்கும் அடைப்பைக் குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். லிஸ்பன் பிள்ளைகளின் நரம்பு, நினைவாற்றல் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்ததில், இரசக்கலவை வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. கவலை முக்கியமாக மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான். ஆகவே புதிதாக வைப்பதை நிறுத்துவது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? நகரத்தில், பணம் கொடுத்து, ஒரு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து காம்போசிட் வைத்துக்கொள்ளக் கூடியவருக்கு இல்லை. இரசக்கலவை ஏழையின் பொருளாக இருந்தது. ஈரத்தைப் பொறுத்தது, அவசரத்தைப் பொறுத்தது, விலை மலிவு. அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதே கேள்வி.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1980-இல் தொடங்கிய இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின், 2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்தது. இன்று அது அரசு பல் மருத்துவக் கல்லூரி. பெயரில் கடலூர் இருக்கும். தேடிக்கொண்டு கடலூருக்குப் போய்விடாதீர்கள், இருப்பது சிதம்பரத்தில்தான்! சிதம்பரத்துப் பிள்ளை நடந்தே போய்விடலாம். கடலூர்ப் பிள்ளைக்கு ஒரு பஸ். திட்டக்குடிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் பிள்ளைக்கு? அதிகாலையில் கிளம்பி, விருத்தாசலத்தில் பஸ் மாறி, வரிசையில் நின்று திரும்ப ஒரு முழு நாள் ஆகும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அன்றைய கூலி போகும். முதல் முறை போவார்கள். 'அடுத்த வாரம் வாங்க' என்றால் பலர் போகமாட்டார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் பல்லைப் பார்த்து, சொத்தை இருக்கிறது என்று சீட்டு எழுதுகிறார்கள். சீட்டு சட்டைப் பையில் கசங்குகிறது, சொத்தை வளர்கிறது, ஒரு வருடம் கழித்துப் பல்லைப் பிடுங்குகிறார்கள்.

ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்று எண்ணி அலட்சியம் செய்வது நம் வீடுகளில் வழக்கம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் எந்தப் பல்லும் விழாததால் வந்த குழப்பம். அது நிரந்தரப் பல், போனால் திரும்பாது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராமப் பள்ளிகளில், சிறு குழிகளுக்கு, சீட்டு எழுதும் அன்றைக்கே பள்ளியிலேயே கண்ணாடி அயனோமரால் அடைத்துவிட வேண்டும். அமுக்க வலிமையில் மூன்றாவதாக நிற்கும் பொருள்தான். அடைக்கப்படாத பல்லின் வலிமையோடு ஒப்பிட்டால் அது முதலாவது. ஐந்தாறு ஆண்டில் தேய்ந்தால் அதன்மேலேயே மறுபடி வைக்கலாம். அதற்குள் பல் பிழைத்துவிடும்.

'பணக்காரருக்குக் காம்போசிட், ஏழைக்குத் தேய்கிற சிமெண்டா?' என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இந்தக் கேள்வி எனக்கும் உறுத்துகிறது. பெரிய குழிக்கும், இரண்டு பற்களுக்கு இடையே பரவிய சொத்தைக்கும் கண்ணாடி அயனோமரை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னால் அது ஏமாற்றுதான். அந்தப் பிள்ளையைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்க் காம்போசிட்டோ, பல்லுக்கு மேல் தொப்பி போன்ற உறையோ வைக்க வேண்டியது அரசின் செலவு. பஸ் கட்டணம் உள்பட. ஆனால் அந்தக் குழி சிறிதாக இருந்த நாளில் அடைத்திருந்தால் இந்தச் செலவே வந்திராது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் உண்டு; இதற்குப் பணம்கூட வேண்டாம். லிஸ்பன் பிள்ளைகளின் 94.4-ஐயும் 85.5-ஐயும் நாம் மேற்கோள் காட்டுகிறோம். நம் பிள்ளைகளின் எண் எங்கே? நம் தண்ணீர் வேறு, தின்பண்டம் வேறு, முறுக்கைக் கடிக்கும் வேகம் வேறு. கல்லூரியில் வைக்கப்படும் ஒவ்வொரு அடைப்பையும் குறித்துவைத்து, ஐந்தாண்டு கழித்து அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், 2034 வருவதற்குள் நம் மாவட்டத்துக்கே சொந்தமான ஓர் அட்டவணை கிடைத்துவிடும். இயந்திரத்தில் நொறுக்கி எடுத்த அட்டவணையை விட அது எனக்கு மதிப்பு வாய்ந்தது.

கண்காட்சியில் நட்சத்திரம் ஒட்டிய மாணவிக்கு அடுத்த ஆண்டுக்கான வேலையாக இதைச் சிபாரிசு செய்கிறேன். உங்களுக்கும்தான். வகுப்பில் யார் யாருக்குப் பல் அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போதும்: எந்தப் பல், எந்தப் பொருள், எந்த ஆண்டு, குழி சிறிதா பெரிதா, இன்று எப்படி இருக்கிறது. பொருளின் பெயர் தெரியாதவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு வரட்டும், கேட்டால் சொல்வார்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் வாரியாகப் பிரித்து, எத்தனை ஆண்டு நின்றது என்று வரைபடம் போடுங்கள். விழுந்துபோன அடைப்புகளையும் கணக்கில் சேர்க்க மறந்தால், வரைபடம் பொய் சொல்லும்.

முதல் வரிக்கு என் பல்லையே தருகிறேன். கீழ்த்தாடை, இடப்பக்கம், நடுவிலிருந்து ஆறாவது; இரசக்கலவை; 1986; குழி நடுத்தரம்; ஓரம் கருத்திருக்கிறது, வலி இல்லை.